‘வந்துக்கொண்டு’ எங்கிருந்து வருகிறது?

வாசகர் கேள்வி – பதில்: இலக்கணம் சொல்லிக்கொடுப்போர் பக்கம்

மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களில் ஏழு இந்த இதழில் இடம்பெறுகின்றன. பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமும் கற்பிக்கும் எங்கள் ஆசிரியர் குழு பதில் எழுதியிருக்கிறது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 10 பேருக்கு மாலையில் ட்யூஷன் எடுக்கிறேன். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் இரண்டையும் தலைகீழாக ஒப்பிக்கிறார்கள். கட்டுரை எழுதச் சொன்னால் ‘அந்த கடை’, ‘வந்துக்கொண்டிருந்தான்’, ‘என்றுக் கூறினான்’ என்று எழுதிவைக்கிறார்கள். விதி தெரிந்தும் ஏன் கைக்கு வரவில்லை?
– வாசகி, திருமங்கலம்

நீங்கள் எழுதியிருக்கும் மூன்று பிழைகளும் பார்வைக்கு ஒரே சாதி. ஆனால் மூன்றும் வேறு வேறு இடத்திலிருந்து வருகின்றன. மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் கேட்காது.

‘அந்த கடை’ என்று எழுதும் பிள்ளையை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ‘அந்தக் கடை’ என்றுதான் சொல்லும். வாயில் இருக்கும் ஒற்று கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். ‘அந்தக் கதை’, ‘வந்த கதை’ இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லவையுங்கள். முதலாவதில் க-வுக்கு முன்னால் மூச்சு ஒரு கணம் அடைபட்டு நின்று பிறகு திறக்கும். இரண்டாவதில் அந்த நிறுத்தம் இருக்காது. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் பிடிபடும். இது காதுப் பயிற்சியால் தீரும் பிழை.

‘வந்துக்கொண்டு’ அதற்கு நேர் எதிர். இங்கே காதுதான் தப்பாக வழிகாட்டுகிறது. நம் பக்கத்துப் பேச்சில் ‘வந்துக்கிட்டு இருந்தான்’ என்று அழுத்திச் சொல்வது சகஜம். பிள்ளை அதைக் கேட்டு வளர்ந்திருக்கிறது. ‘கிட்டு’வைக் ‘கொண்டு’ ஆக்கியபோது ஒற்றையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. இதற்கு ‘வாய்விட்டுச் சொல்லிப் பார்’ என்றால் பிழை இன்னும் உறுதிப்படும். கண்ணால் பார்க்கும் சோதனை வேண்டும். வினையெச்சத்தின் கடைசி எழுத்துக்கு (து, டு, று) முந்திய எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அது வல்லின மெய் என்றால் ஒற்று மிகும்: பார்த்துக்கொண்டு, கேட்டுக்கொண்டு, விற்றுக்கொண்டு. வேறு எதுவானாலும் மிகாது: வந்துகொண்டு, தின்றுகொண்டு, செய்துகொண்டு, அழுதுகொண்டு. ‘வன்தொடர்க் குற்றியலுகரம்’ என்ற பெயரை இந்த ஏழு சொல்லையும் இரண்டு வரிசையாகப் பிரித்து எழுதிய பிறகு சொல்லுங்கள். அப்போது பெயர் பிள்ளைக்குப் புரிந்த ஒன்றின் பெயராக இருக்கும்.

இந்தச் சோதனை வினைக்கு மட்டும். பெயரில் நீட்டினால் மாட்டிக்கொள்வோம்: ‘மருந்துக் கடை’, ‘குரங்குக் குட்டி’ இரண்டிலும் முந்திய எழுத்து மெல்லினம்தான், ஆனாலும் மிகும். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிள்ளை தானே கண்டுபிடித்தால் விதியின் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும்.

மூன்றாவது, ‘என்றுக் கூறினான்’. பேச்சில் நாம் ‘வர்றேன்னு சொன்னான்’ என்போம். ‘என்று’ அங்கே கிடையாது. ஆகவே இது காதிலிருந்தும் வரவில்லை. ஒற்றை விட்டதற்காக மதிப்பெண் இழந்த பிள்ளை, பயத்தில் எங்கெங்கும் போட்டுவைக்கிறது. இதற்கு ‘மிகாத சொற்கள்’ என்று ஒரு சின்னப் பட்டியல் நோட்டின் பின்னட்டையில் இருக்கட்டும்: என்று, வந்து, கொண்டு, இருந்து, விட்ட, செய்த, அது, இது, எது. கட்டுரையில் அடிக்கடி வருபவை இவைதான்.

வேலையை ஐந்து மாலைகளுக்கு, 20 நிமிடம் வீதம், இப்படிப் பிரிக்கலாம். முதல் வாரம் மூன்றே இடங்கள்: ‘ஐ’ உருபு, ‘கு’ உருபு, அந்த – இந்த – எந்த. திங்களன்று பாடநூல் உரைநடையில் 10 வரி எடுத்து, ஒற்று மிகுந்த இடங்களைப் பிள்ளைகள் வட்டமிட வேண்டும். (செய்தித்தாள் வேண்டாம், பலவற்றில் ஒற்றை விட்டே அச்சிடுகிறார்கள்.) செவ்வாயன்று வட்டமிட்டவற்றை மூன்று பத்தியாகப் பிரித்து, எதற்குப் பின்னால் மிகுகிறது என்று அவர்களே ஒரு வரி எழுத வேண்டும். புதனன்று எதிர்ச் சோடிகள்: ‘பாலைக் குடித்தான் – பால் குடித்தான்’, ‘மதுரைக்குப் போனான் – மதுரையில் பிறந்தான்’, ‘அந்தப் பையன் – வந்த பையன்’. வியாழனன்று எட்டு வாக்கியம் சொல்வதெழுதுதல். நான்கில் மிக வேண்டும், நான்கில் மிகக்கூடாது. பலர் தவறுவது இங்கேதான். கோடிட்ட இடம் எட்டிலும் ஒற்று வரும்படி பயிற்சி கொடுத்தால், எல்லா இடத்திலும் போட்டால் முழு மதிப்பெண் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். வெள்ளிக்கிழமை அவரவர் பழைய கட்டுரையை எடுத்து, இந்த மூன்று இடங்களை மட்டும் அவர்களே திருத்தட்டும்.

‘வந்துகொண்டு – பார்த்துக்கொண்டு’ இரண்டாம் வாரம். ‘ஓடிப் போனான், போய்ப் பார்த்தான், பேசச் சொன்னாள்’ மூன்றாம் வாரம். முப்பது விதியை ஒரே நாளில் கொட்டினால் ஒப்பிக்கத்தான் வரும்.

பி.எட். படிக்கிறேன். விதிவருமுறை சிறந்தது, விதிவிளக்குமுறை பழையது என்று எழுதினால்தான் மதிப்பெண் கிடைக்கிறது. உண்மையிலேயே அப்படித்தானா?
– மாணவர், மேலூர்

இல்லை. எந்த இலக்கணத்தைச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

எடுத்துக்காட்டுகளை அடுக்கி அதிலிருந்து பிள்ளையே விதியைக் கண்டெடுப்பது விதிவருமுறை. விதியைச் சொல்லிவிட்டு எடுத்துக்காட்டுக்குப் போவது விதிவிளக்குமுறை. ‘ஒரு, ஓர்’ வேறுபாட்டுக்கு முதல் முறையில் 30 நிமிடம் செலவழிப்பது வீண். ‘அடுத்து உயிரெழுத்து வந்தால் ஓர்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, ‘ஓர் ஊர், ஒரு வீடு, ஓர் இரவு, ஒரு நாள்’ என்று பத்துச் சொல்லுக்குப் பயிற்சி கொடுத்தால் வேலை முடிந்தது. வேற்றுமை உருபு அப்படியல்ல. பிள்ளை அதைத் தினமும் பேசிக்கொண்டிருக்கிறது. ‘கடைக்குப் போ, கடையில இரு, கடையை மூடு’ என்று அதன் வாயிலிருந்தே எடுக்கலாம். தெரிந்ததைத் தெரிந்தது என்று காட்டும் இடத்தில் விதிவருமுறை பலன் தரும். பேச்சில் இல்லாத வடிவத்தைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தால் மணி அடித்துவிடும்.

விதிவருமுறையில் பாடம் நடத்துவோர் செய்யும் தவறு ஒன்று உண்டு. நான்கு எடுத்துக்காட்டைப் பலகையில் எழுதியதும் முதல் பெஞ்சில் ஒரு பிள்ளை விதியைச் சொல்லிவிடும். ஆசிரியர் ‘சபாஷ்’ சொல்லி அடுத்ததற்குப் போய்விடுவார். மற்ற 39 பேருக்கு அது இன்னொருவர் சொன்ன விதி. அந்தப் பிள்ளையை நிறுத்தி, எல்லோரையும் தங்கள் நோட்டில் ஒரு புது எடுத்துக்காட்டு எழுதச் சொல்லுங்கள். எழுதியவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

சூத்திரம் மனப்பாடம் செய்வதையும் நாங்கள் தள்ளமாட்டோம். நன்னூலில் பாயிரத்தையும் சேர்த்து 462 நூற்பாக்கள் என்பார்கள். வேண்டியதை மனத்தில் வைத்திருப்பது, கையில் அளவுகோல் வைத்திருப்பது மாதிரி. புரிந்த பிறகு மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. அதே நன்னூலின் பொதுப்பாயிரத்தை எடுத்துப் படியுங்கள். ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் தேறும், உடன் பயில்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொல்வதில் மீதி அரை என்று கணக்கே போட்டிருக்கிறார் பவணந்தி முனிவர். வகுப்பில் 40 நிமிடம் இருந்தால், பிள்ளைகள் ஒருவருக்கொருவர் விளக்க 20 நிமிடம் விட வேண்டும் என்று அதற்குப் பொருள். விடைத்தாளில் அதையும் எழுதுங்கள்.

கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு ஞாயிறுதோறும் தமிழ் சொல்லிக்கொடுக்கிறோம். பீகார், ஒடிசாக்காரர்கள். அ, ஆ-வில் தொடங்கினோம்; மூன்றாம் வாரம் பாதிப் பேர் வரவில்லை. இவர்களுக்கு இலக்கணம் தேவையா?
– தன்னார்வலர்கள், கப்பலூர்

தேவை. ஆனால் அ, ஆ இப்போது வேண்டாம். அவர்களுக்கு முதலில் வேண்டியது டீக்கடையிலும் பஸ்ஸிலும் வேலையிடத்திலும் பேசும் தமிழ். 247 எழுத்து பிறகு வரட்டும்.

நல்ல செய்தி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். வாக்கிய அமைப்பில் இந்தி நமக்கு ரொம்பப் பக்கம். வினை கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ‘முஜே பானி சாஹியே’ என்பவருக்கு ‘எனக்குத் தண்ணி வேணும்’ என்பது சொல்லுக்குச் சொல் அதே அமைப்பு. ‘முஜே மாலூம் ஹை – எனக்குத் தெரியும்’, ‘முஜே பூக் லகீ ஹை – எனக்குப் பசிக்குது’ எல்லாமே ‘எனக்கு’தான். ஒடியாவில் அந்த உருபே ‘கு’. ஆகவே முதல் ஞாயிறு முழுக்க ‘எனக்கு – உங்களுக்கு – அவருக்கு’, ‘வேணும் – தெரியும் – பிடிக்கும் – பசிக்குது’. விதி ஒன்றும் சொல்லவேண்டாம்; இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும்.

இடறும் இடங்கள் மூன்று.

பெரியது, இல்லை என்று சொல்வது. இந்தியில் ‘நஹீ’ ஒன்றே பெரும்பாலான இடத்துக்குப் போதும். நமக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி: வேணும் – வேண்டாம், இருக்கு – இல்லை, தெரியும் – தெரியாது, முடியும் – முடியாது, போகலாம் – போகக்கூடாது. இவற்றைச் சோடியாகவே சொல்லிக்கொடுங்கள். ஒன்றைத் தனியாகக் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிடுவார்கள். இதில் வேலைக்கே வினையாகும் சோடி ஒன்று இருக்கிறது: ‘வர முடியாது – வரமாட்டேன்’. காய்ச்சலாய்க் கிடப்பவர் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு ‘நாளைக்கு வரமாட்டேன்’ என்றால், கேட்பவர் காதில் அது முறைப்பு. ‘நாளைக்கு வர முடியாதுண்ணே, காய்ச்சல்’ என்று முழு வாக்கியமாகவே பழக்குங்கள். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவர்கள் அடுத்த ஞாயிறும் வருவார்கள்.

அடுத்தது ‘இருக்கு’. இன்னார், இன்னது என்று சொல்லும் வாக்கியம் இந்தியில் ‘ஹை’ இல்லாமல் முடியாது. அதனால் ‘இவர் டிரைவர் இருக்கார்’, ‘இது என் பை இருக்கு’ என்பார்கள். ‘இவர் டிரைவர்’ என்பதோடு நம் வாக்கியம் முடிந்துவிடும் என்பதை அவர்களால் நம்ப முடியாது. படம் காட்டிக் காட்டி, ‘இவர் யாரு? – இவர் டிரைவர்’, ‘டிரைவர் எங்கே? – டிரைவர் வண்டியில இருக்கார்’ என்று மாற்றி மாற்றி 20 தடவை. யார், என்ன என்றால் இருக்கு வராது. எங்கே, எப்படி என்றால் வரும்.

மூன்றாவது ‘நாம – நாங்க’. அவர்களுக்கு இரண்டும் ‘ஹம்’. கேட்பவரையும் சேர்த்தால் நாம, சேர்க்காவிட்டால் நாங்க. நான்கு பேரை நிற்கவைத்து, கையால் வட்டம் போட்டுக் காட்டினால் ஐந்தே நிமிடம்.

இறந்தகாலத்துக்கு இடைநிலை பிரித்துக் காட்டவேண்டாம். ‘வா – வந்தேன், போ – போனேன், எடு – எடுத்தேன், கேளு – கேட்டேன், சாப்பிடு – சாப்பிட்டேன்’ என்று 12 வினையைச் சோடியாகப் பழக்குங்கள். அதன் பிறகு புது வினை வரும்போது அவர்களே ‘இது எடுத்தேன் மாதிரியா, வந்தேன் மாதிரியா’ என்று கேட்பார்கள். வினைகளை வகை பிரிக்க அதுதான் சரியான நேரம்.

‘வந்தாய்ங்க, போனாய்ங்க’ காதில் விழுந்துகொண்டே இருக்கும், அதையும் கேட்பார்கள். சேக்காளிகளைப் பற்றிப் பேசும்போது சொல்லலாம், பெரியவர்களைப் பற்றிச் சொல்லும்போது ‘வந்தாங்க’ என்று முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுங்கள். மரியாதை தப்பினால் மன்னிக்கும் ஊர் இல்லை இது.

ஏழாம் வகுப்பு. ‘பறவைகள் பறக்கிறது’, ‘மாடுகள் மேய்ந்தது’. எத்தனை முறை திருத்தினாலும் மறுபடி வருகிறது.
– ஆசிரியை, உசிலம்பட்டி

பிள்ளையின் பேச்சில் ‘பறக்கின்றன’ என்ற வடிவமே இல்லை. ‘மாடுக மேயுது’ என்பதுதான் அது கேட்ட தமிழ். வீட்டில் யாரும் சொல்லாத ஒரு வடிவத்தை மறந்துவிட்டதாகக் கோபிப்பதில் பயன் இல்லை; புதுப் பாடமாகவே நடத்த வேண்டும்.

பயப்படும் அளவுக்கு இது பெரிய பாடமும் அல்ல. ‘மாடு மேயும், மாடுகள் மேயும்’: எதிர்காலத்தில் வித்தியாசம் இல்லை. ‘மாடு மேயவில்லை, மாடுகள் மேயவில்லை’: எதிர்மறையிலும் இல்லை. நிகழ்காலம், இறந்தகாலம் இரண்டில்தான் பிழை வர முடியும். ‘கிறது – கின்றன’, ‘மேய்ந்தது – மேய்ந்தன’, ‘ஓடியது – ஓடின’. இதைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள். கவனிக்க வேண்டிய இடம் இரண்டே என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்குப் பாரம் குறையும்.

உயர்திணையில் அவர்கள் இந்தப் பொருத்தத்தை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதையும் காட்டுங்கள். ‘அவன் வந்தான், அவ வந்தா, அவரு வந்தாரு, அவய்ங்க வந்தாய்ங்க’: யாரும் சொல்லித்தராமல் முடிவு தானாக மாறுகிறது. ‘அவய்ங்க வந்தான்’ என்று உசிலம்பட்டியில் எந்தப் பிள்ளையும் சொல்லாது. ‘பறவைகள் பறக்கிறது’ எழுத்துத் தமிழில் அந்த மாதிரிதான் ஒலிக்கிறது என்று சொன்னால் சட்டென்று புரியும்.

பயிற்சியில் எழுவாயையும் பயனிலையையும் தள்ளித் தள்ளி வையுங்கள். ‘மாடுகள் மேய்ந்தன’ என்று சரியாக எழுதும் பிள்ளையே ‘கண்மாய்க் கரையில் வரிசையாக நின்ற பெரிய மரங்கள் ஒரே மழையில் சாய்ந்தது’ என்று எழுதும். பக்கத்தில் இருக்கும் ‘மழை’ இழுத்துவிடுகிறது. ‘எது சாய்ந்தது? – மரங்கள்’ என்று கேட்டு, எழுவாய்க்கும் வினைக்கும் பென்சிலால் ஒரு வில் வரையச் சொல்லுங்கள். கட்டுரை முடிந்ததும் வில் வரைந்து பார்ப்பது 5 நிமிட வேலை, பரீட்சையிலும் செய்யலாம்.

ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ‘டிட் யூ வென்ட்’, ‘ஐ டிடின்ட் வென்ட்’ என்பதை ஒழிக்க வழி என்ன? இலக்கணத்தைத் தமிழில் விளக்கலாமா?
– ஆசிரியர், சோழவந்தான்

விளக்கலாம். பொருளைத் தமிழில் 2 நிமிடம் சொல்லுங்கள், மீதி நேரம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசட்டும். 38 நிமிடம் தமிழில் விளக்கம், 2 நிமிடம் ஆங்கிலம் என்று தலைகீழாகப் போவதுதான் நடைமுறையில் கெடுக்கிறது.

‘டிட் யூ வென்ட்’ தமிழ் மூளையின் வேலை. ‘போனே’ என்பதோடு ‘ஆ’ ஒட்டினால் ‘போனியா’. காலம் வினையை விட்டு நகரவில்லை. பிள்ளையும் அதே மாதிரி ‘வென்ட்’டைத் தொடாமல் முன்னால் ‘டிட்’ ஒட்டுகிறது. ஆனால் நம் எதிர்மறையைப் பாருங்கள்: ‘போனேன்’ என்பதற்கு எதிர்மறை ‘போகலை’. போக + இல்லை. காலம் காட்டிய ‘போன’ போய், மொட்டையாகப் ‘போக’ நிற்கிறது. ‘டிடின்ட் கோ’ அதே வேலைதான். ஆகவே வினாவை விட்டுவிட்டு எதிர்மறையில் தொடங்குங்கள்: போகலை – டிடின்ட் கோ, சாப்பிடலை – டிடின்ட் ஈட், பார்க்கலை – டிடின்ட் சீ. இது ஊறிய பிறகு வினாவுக்குப் போங்கள்.

வினாவுக்கு ஒரு ரூபாய் நாணயம் ஒன்று போதும். ‘ஐ’, ‘யூ’, ‘வென்ட்’, ‘கோ’, ‘டிட்’ என்று அட்டையில் எழுதி மேசையில் வையுங்கள். நாணயம்தான் இறந்தகாலம். ‘ஐ – வென்ட்’டில் நாணயம் ‘வென்ட்’ மேல் இருக்கிறது. கேள்வி கேட்க ‘டிட்’ வந்து நாணயத்தை வாங்கிக்கொள்கிறது. நாணயம் இழந்த ‘வென்ட்’ அட்டையை எடுத்துவிட்டு ‘கோ’ வைக்க வேண்டும். ஒரு வாக்கியத்துக்கு ஒரே நாணயம். ‘டிட் யூ வென்ட்’ என்று அடுக்கும் பிள்ளை இரண்டாவது நாணயம் தேடும், கிடைக்காது. ‘டஸ் ஷி கோஸ்’ பிழைக்கும் இதே நாணயம்தான்: ‘கோஸ்’ஸில் இருந்த ஸ்-ஐ ‘டஸ்’ வாங்கிக்கொண்டது.

கூடவே ஒரு குறிப்பு. ‘எ’, ‘த’ எப்போது என்பதற்கும் தமிழில் ஒரு கைப்பிடி உண்டு. ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒன்று, ‘எ புக்’. ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் உனக்கும் எனக்கும் தெரிந்த ஒன்று, ‘த புக்’. செயப்படுபொருளாக வரும் அஃறிணைப் பெயருக்கு மட்டும் இது செல்லும். ஆளுக்கு எப்போதும் ‘ஐ’ வரும் என்பதால் அங்கே உதவாது.

விதியே சொல்லாமல் வேலை கொடுத்தே ஆங்கிலம் கற்பிக்க முடியுமா என்று 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் செய்து பார்த்தவர் என்.எஸ். பிரபு. அது ‘பெங்களூர்த் திட்டம்’ என்று உலகமெங்கும் பேசப்படுகிறது. ரயில் அட்டவணை, வரைபடம் மாதிரியானவற்றை வைத்துக் கணக்குப் போடுவதுபோல விடை தேடச் செய்தார்கள். நீங்களும் செய்யலாம்: சென்னை போகும் வைகை, பாண்டியன் இரண்டு ரயில்களின் நேரத்தையும் பாதிப் பாதியாக இரண்டு தாளில் எழுதி, இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்து, ஒருவரை ஒருவர் கேட்டு அட்டவணையை முழுதாக்கச் சொல்லுங்கள். ‘வென் டஸ் இட் லீவ்’ அவர்களுக்குத் தேவைப்படும். தேவைப்பட்ட பிறகு 10 நிமிடம் அந்த வடிவத்தைப் பலகையில் பாருங்கள். வேலை மட்டும் போதும், வடிவம் தானாக வரும் என்பதை வாரத்துக்கு ஐந்து பாடவேளை மட்டுமே ஆங்கிலம் கேட்கும் பிள்ளைகள் விஷயத்தில் நாங்கள் ஏற்கவில்லை.

சிவப்பு மையில் திருத்தினால் பிள்ளைகள் மனம் உடைந்துபோகும் என்கிறார்கள். பச்சை மையில் திருத்தலாமா?
– ஆசிரியர், வாடிப்பட்டி

மையின் நிறம் எதுவானாலும் சரி. ஒரு பக்கத்தில் 25 பிழையையும் நீங்களே திருத்திக் கொடுத்தால் பிள்ளை மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடும். இந்த வாரம் ஒற்று, அடுத்த வாரம் ஒருமை – பன்மை என்று ஒரு வகையை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அதை மட்டும் திருத்துங்கள். திருத்தமும் முழுதாக வேண்டாம். வரியின் ஓரத்தில் ‘ஒ’ என்றோ ‘பன்’ என்றோ குறியிடுங்கள், பிழை எங்கே என்று பிள்ளை தேடட்டும். அடுத்த வகுப்பின் முதல் 5 நிமிடம் அதற்கே. அந்த 5 நிமிடம் கொடுக்க முடியாவிட்டால், வீட்டில் உட்கார்ந்து 40 நோட்டைத் திருத்தும் உங்கள் இரவுத் தூக்கம் வீண்.

அமெரிக்காவில் இருக்கும் என் பேரனுக்கு 7 வயது. வீடியோ காலில் ‘தாத்தா வந்தான்’, ‘பாட்டி, நீ வா’ என்கிறான். தாத்தாவுக்குக் கோபம் வருகிறது. இலக்கணம் எப்படிச் சொல்லித்தருவது?
– பாட்டி, கே.கே. நகர், மதுரை

பேரன் மரியாதை தெரியாமல் சொல்லவில்லை அம்மா. ஆணுக்கு ‘ஆன்’ என்ற விதியைத் தானே கண்டுபிடித்து ஒழுங்காகப் போட்டிருக்கிறான். பெரியவர்களைப் பற்றி நாலு பேர் பேசும் வீட்டில்தான் ‘வந்தாரு’ காதில் விழும். அங்கே அப்பா, அம்மா, அவன் மூன்று பேர்தான். ‘வந்தாரு’ அவனுக்குப் போதிய அளவு கிடைக்கவில்லை. ஐயாவிடம் இதைச் சொல்லுங்கள்.

விதி சொல்லவேண்டாம். ‘அப்படிச் சொல்லக்கூடாது’ என்று பேச்சை நிறுத்தினால் அடுத்த வாரம் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவான். ‘தாத்தா வந்தான்’ என்றால், ‘ஆமாய்யா, தாத்தா வந்தாரு, மார்க்கெட்லேர்ந்து என்ன வாங்கிட்டு வந்தாரு தெரியுமா?’ என்று சரியான வடிவத்தை உங்கள் பதிலில் வைத்துக் கதையைத் தொடருங்கள். இன்னொரு வழி, விடை உள்ளேயே இருக்கும் கேள்வி: ‘தாத்தா தூங்குறாரா, டிவி பாக்குறாரா?’ அவன் ‘டிவி பாக்குறாரு’ என்றுதான் சொல்ல முடியும். ‘தாத்தா என்ன செய்யுறார்?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘டிவி’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவான்.

போட்டோ ஆல்பம் வைத்து ஒரு விளையாட்டும் உண்டு. நாய் தூங்கும் படம், குட்டித் தம்பி, தாத்தா, பாட்டி: ‘நாய் தூங்குது, தம்பி தூங்குறான், தாத்தா தூங்குறாரு, பாட்டி தூங்குறாங்க.’ நாலு படத்தையும் கலைத்துப்போட்டுக் காட்டி, அவனைச் சொல்லச் சொல்லுங்கள். நடுவே நீங்களே ‘நாய் தூங்குறாரு’ என்று தப்பாகச் சொன்னால் சிரித்துக்கொண்டே உங்களைத் திருத்துவான். ‘நீ வா’வுக்கும் அதே மாதிரி: பொம்மையைக் கூப்பிட ‘வா’, பாட்டியைக் கூப்பிட ‘வாங்க’.

வாரம் மூன்று நாள், 10 நிமிடம் போதும். எழுத்துத் தமிழை இப்போது கலக்கவேண்டாம். ‘தூங்குகிறார்’ என்று நீங்கள் சொன்னால் அது வேறு சொல் என்றே நினைப்பான். எழுத்துக்கு ஆசைப்படும்போது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இணையதளத்தில் மழலைக் கல்விப் பாடங்கள் இருக்கின்றன, அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கட்டும். நம் காலை அவர்களுக்கு ராத்திரி, தூக்கக் கலக்கத்தில் எதுவும் ஏறாது. சனி, ஞாயிறு சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு கூப்பிட்டால் அங்கே அவன் காலைப் பால் குடித்துக்கொண்டிருப்பான்.